யாரும் கேட்காத மாத்திரை

போன வாரம் சுகுமார் போன் செய்தான். செஞ்சியில் நான் வேலை பார்த்த மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தில், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் அவன்தான். நாற்பதைத் தாண்டியவன், கெட்டிக்காரன், எதற்கும் பதறாதவன். அந்த மூன்றாவது குணம் எனக்கு எப்போதுமே பயத்தைத்தான் தரும்.

"அக்கா, புது சாஃப்ட்வேர் வந்துடுச்சு. இனிமே கணிக்கறதோட நிக்காது. கம்பெனிங்களுக்கு ஆர்டரையும் அதுவே போட்டுடும், கடைக்காரங்களுக்குப் பதிலும் அதுவே சொல்லிடும். நம்ம பழைய வருஷத்து விற்பனை எல்லாத்தையும் குடுத்து இதைப் பழக்கலாம்னு இருக்கோம். அவ்ளோ டேட்டா கிடக்குது, சும்மா இன்னாத்துக்கு வுடணும்? நீங்க இன்னா சொல்றீங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. வாயால் சொன்னால் பாதியை விட்டுவிடுவேன், மீதியைக் குழப்புவேன். அதனால் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சுகுமார் கடைசி வரை படிப்பானா என்பது சந்தேகம்தான். மற்றவர்களாவது படிக்கட்டும்.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பிறவியிலேயே கவலைக்காரி. ஆபீசில் எனக்கு 'டென்ஷன் பரிமளா' என்றுதான் பெயர். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். "மருந்து யாவாரத்துக்கு இப்டி ஒருத்தி வேணும்" என்று முதலாளி தணிகாசலம் சொல்லுவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, சற்றுமுன் சரிபார்த்த கணக்கை இன்னொரு முறை சரிபார்ப்பேன்.

வேலையில் சேர்ந்தது பில் அடிக்க. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, விழுப்புரத்தில் சாயங்கால வகுப்பு. பிறகு ஸ்டாக் பார்க்கும் பொறுப்பு. ஐம்பதை நெருங்கும்போது முதலாளியின் மருமகன் சென்னையிலிருந்து கணிப்பு மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். புதுச்சேரியில் அதற்கொரு பயிற்சி. கூட இருந்தவர்களெல்லாம் என் பிள்ளை வயசு. அவர்கள் கேள்வியே கேட்கவில்லை, நான் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். என் படிப்புக் கதை இவ்வளவுதான்.

எங்கள் தொழில் இப்படி. கம்பெனிகளிடம் மருந்தை வாங்கி, செஞ்சி, அனந்தபுரம், மேல்மலையனூர் பக்கமுள்ள மெடிக்கல் கடைகளுக்குக் கொடுக்க வேண்டும். கடைக்காரர்கள் காலையில் போனில் கேட்பார்கள். மதியத்துக்குள் பெட்டி கட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுவோம். அதிகமாக வாங்கி வைத்தால் மருந்து காலாவதியாகிக் குப்பைக்குப் போகும். குறைவாக வைத்தால் யாரோ ஒருவர் மருந்தில்லாமல் தவிப்பார். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் தூக்கம் போய்க்கொண்டிருந்தது.

அந்த மென்பொருளுக்கு உள்ளே இருந்தது நியூரல் நெட்வொர்க். பெயரைக் கேட்டு நானும் முதலில் மிரண்டவள்தான். விஷயம் எளிது. பழைய விற்பனையை அதற்குக் காட்டுகிறோம். எந்த மாசத்தில் எது ஏறியது, எதோடு சேர்ந்து எது இறங்கியது என்று அது தனக்குள் எடை போட்டுக்கொள்கிறது. அடுத்த வாரம் எவ்வளவு போகும் என்று ஊகித்துச் சொல்கிறது. தப்பினால் எடைகளைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு மறுபடி ஊகிக்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான தடவை. ஏன் அந்த எண்ணைச் சொன்னாய் என்று மட்டும் அதனிடம் கேட்க முடியாது. எனக்கு முதல் நாளே உறுத்தியது அதுதான்.

எங்கள் பக்கத்து மருந்து விற்பனையை ஆட்டிவைப்பவை இரண்டு. ஒன்று மழை, இன்னொன்று மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசை. சென்னையிலிருந்து ஸ்பெஷல் பஸ்ஸில் வந்து இறங்குகிற கூட்டம் வாந்தி மாத்திரை, தலைவலித் தைலம், உப்புச் சர்க்கரைப் பொட்டலம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும். ஆரம்பத்தில் மென்பொருள் திணறியது. அதற்குத் தெரிந்தது இங்கிலீஷ் தேதி மட்டும். விற்பனைப் பட்டியலில் அமாவாசைக்கென்று தனியாக ஒரு பத்தி சேர்த்துக் கொடுத்தோம். அப்புறம் அது சொன்ன எண்ணைப் பார்த்து ஆபீசே வாயைப் பிளந்தது. தை அமாவாசைக்கு ஒன்று, சாதாரண அமாவாசைக்கு ஒன்று என்று அதுவே பிரித்துச் சொன்னது.

அதிலிருந்து முதலாளிக்கு அதன்மேல் பக்தியே வந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குக் குங்குமம் வைத்தார். என்னிடம் எதைக் கேட்டாலும், "அது இன்னா சொல்லுது?" என்றுதான் கேட்பார், வீட்டுப் பெரியவரைக் கேட்பது மாதிரி.

முதலாளியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வெள்ளைச் சட்டை, வாயில் ஒரு கிராம்பு. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. காலையில் கடை திறந்து விளக்கேற்றியதும் வருகிற முதல் போனை அவர்தான் எடுப்பார். அந்த முதல் ஆர்டர்தான் போணி. அவருடைய கடையில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். யாரும் 'இல்லை' என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது.

இது எங்கள் வீடுகளில் இருக்கிற பழக்கம்தான். அரிசி தீர்ந்துபோனால் வீட்டில் அரிசி இல்லை என்று சொல்லமாட்டோம், வாங்க வேண்டும் என்போம். கடைகளிலும் அப்படித்தான். ஆனால் முதலாளி அதைக் கோயில் ஆசாரம் மாதிரி வைத்திருந்தார். ஆர்டர் எடுக்கிற பெண்களுக்கு மருந்துப் பெயரைக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் கற்றுக்கொடுப்போம். கேட்ட சரக்கு கைவசம் இருக்கிறதா, பில் போடு. கைவசம் இல்லாவிட்டால், "வருது சார்", "வண்டியில இருக்குது சார்", "நாளைக்கு வந்துடும்". ஒருமுறை புதிதாக வந்த பெண் ஒருத்தி வெள்ளிக்கிழமை காலையில் வாய் தவறி "இல்ல சார்" என்றுவிட்டாள். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்துபோய் சாமி படத்துக்கு மறுபடியும் ஒரு கற்பூரம் ஏற்றினார். மதியம் வரை அவள் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண் சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எங்கள் போனில் அந்த வார்த்தை கேட்டதே கிடையாது.

திங்கட்கிழமை தோறும் என் வேலை ஒரு பூஜை மாதிரி நடக்கும். பில் போடும் கம்ப்யூட்டரிலிருந்து போன வாரம் வரைக்குமான விற்பனையை எடுப்பேன். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்தால் ஒன்றாக்குவேன். திரும்பி வந்த சரக்கைக் கழிப்பேன். பிறகு கடைசி மூன்று மாசத்தை மட்டும் ஒளித்து வைத்துவிட்டு, மீதியைக் கொடுத்துப் பழக்குவேன். பழக்கி முடித்ததும் ஒளித்து வைத்த மாசங்களில் எவ்வளவு விற்றிருக்கும் என்று அதைச் சொல்லச் சொல்வேன். அது சொன்னதையும் நிஜமாக விற்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கிட்டத்தட்டச் சரியாக இருந்தால் பச்சை, தப்பினால் சிவப்பு. சிவப்பு வந்த மருந்துகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்ப்பேன். பச்சையைப் பார்க்கமாட்டேன். சரியாக இருப்பதை எதற்குப் பார்ப்பது? இவ்வளவு கவலைப்படுகிறவளுக்கும் கவலைப்படத் தோன்றாத இடம் ஒன்று இருந்தது.

கடைசியில் சாம்பல் நிறத்தில் சில பெயர்கள் வரும். பல மாசமாக விற்பனையே இல்லாதவை. அவற்றுக்கு நேராக 'நிறுத்தலாம்' என்று இருக்கும். முதலாளி தலையசைப்பார், நிறுத்திவிடுவோம். காலாவதியாகிக் குப்பைக்குப் போகிற மருந்து பாதியாகக் குறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அன்று வெள்ளிக்கிழமை, அமாவாசையும் கூட. காலை பத்து மணிக்கே செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறையிலிருந்து அனல் அடித்தது. ரோட்டில் ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேல்மலையனூர் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அமாவாசைச் சரக்கெல்லாம் முந்தின நாளே சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் அபூர்வமாக நிம்மதியாக இருந்தேன்.

மதியம் பெட்டிகளை பஸ்ஸில் ஏற்றி முடித்த நேரம், வாசலில் வாட்ச்மேனோடு யாரோ வாக்குவாதம் செய்யும் சத்தம் கேட்டது. மொத்த விற்பனை இடத்தில் நோயாளிகளுக்கு நேராக மருந்து கொடுக்கமாட்டோம். அதை வாட்ச்மேன் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே முப்பது வயதுக்குள் ஒருவர், காக்கிச் சட்டை, கையில் மாத்திரை தீர்ந்துபோன வெறும் அட்டை. எழுந்து போனேன்.

அவர் பெயர் முருகவேல். தளவானூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த அட்டை அவர் மனைவி அமுதாவுடையது. வலிப்புக்குச் சாப்பிடுகிற மாத்திரை. கல்யாணத்துக்கு முன்பிருந்து அதைச் சாப்பிட்டு, பல வருஷமாக வலிப்பே வராமல் இருந்தவள். இப்போது கைக்குழந்தை வேறு.

"எப்பவும் அனந்தபுரத்துல மெடிக்கல் கடை அண்ணன்கிட்ட வாங்குவோம் மேடம். ரெண்டு மாசமா கேட்டுக்கினு இருக்கோம். உங்களாண்டருந்து வருது, வருதுன்றார்."

"வேற கடையில பாக்கலியாப்பா? விழுப்புரம் கிட்டதான?"

"இன்னைக்கு வருது, நாளைக்கு வருதுன்னும்போது இன்னாத்துக்கு அலையறதுன்னு வுட்டுட்டோம். ஜி.எச்.ல வேற மாத்திரைதான் இருக்குது. டாக்டர் இத மாத்தவே கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கார்." அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவ இன்னா பண்ணிட்டா தெரியுமா? எப்டியும் வந்துடும், அதுவரைக்கும் தாங்கணும்னு பாதி பாதியா ஒடச்சிப் போட்டுக்கினு இருந்திருக்கா. எங்கிட்ட சொல்லவே இல்ல. முந்தாநாளோட அதுவும் தீந்துபோச்சு. இன்னைக்குக் காலைல வாய் ஒருபக்கமா இழுக்கற மாதிரி இருக்குதுன்றா."

"மொதல்ல வீட்டுக்குப் போன் போடு. அடுப்பாண்ட, கிணத்தாண்ட போவ வேணாம்னு சொல்லு. குழந்தைய வேற யார்கிட்டயாவது குடுத்துடச் சொல்லு. உடனே ஜி.எச்.க்குக் கூட்டினு வரச் சொல்லு" என்றேன். அவர் போனை எடுத்தார். நான் உள்ளே ஓடினேன்.

கம்ப்யூட்டரில் அந்த மாத்திரையைத் தட்டினேன். கைவசம் எதுவும் இல்லை. அடுத்த வாரத் தேவை பூஜ்யம். அதற்கடுத்த வாரமும் பூஜ்யம். கணிப்பின் தரம்: பச்சை. கீழே சாம்பல் நிறத்தில் 'நிறுத்தலாம்'. இந்த மாத்திரையை யாரும் கேட்பதே இல்லை என்று திரை என்னிடம் உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டவர் வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

ஆர்டர் எடுக்கிற வசந்தாவிடம் போனேன். பல வருஷம் அதே மேஜையில் இருக்கிறவள்.

"வசந்தா, அனந்தபுரத்துக்காரர் இந்த மாத்திரைய கேட்டாரா?"

"கேட்டார்க்கா. எப்பப் போன் பண்ணாலும் கேக்கறார்."

"நீ இன்னா சொன்ன?"

"வருது சார்னு சொன்னேன்."

"அதை கம்ப்யூட்டர்ல எங்கயாவது ஏத்துனியா?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "இன்னாத்தக்கா ஏத்தறது? பில்லே போடலியே."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. எப்போதோ ஒரு வாரம் கம்பெனியிலிருந்து அந்தச் சரக்கு வரவில்லை. கேட்டவருக்கு 'வருது' என்றோம். பில் இல்லை, அதனால் விற்பனை பூஜ்யம். மென்பொருளுக்கு நாங்கள் காட்டியது விற்றதை மட்டும்தான். கேட்டதை ஒருபோதும் காட்டவில்லை. அது பூஜ்யத்தைப் பார்த்தது, யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு குறைத்து வாங்கச் சொன்னது. குறைத்து வாங்கினோம். இன்னும் இரண்டு பேருக்கு 'வருது' என்றோம். இன்னும் சில பூஜ்யம். கடைசியில் அது பூஜ்யம் விற்கும் என்று கணித்தது, நாங்கள் பூஜ்யம் வாங்கினோம், பூஜ்யம் விற்றது. நானே பச்சை போட்டு வைத்தேன். அது தன் வாக்கைத் தானே பலிக்க வைத்துக்கொண்டிருந்தது, நாங்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

எல்லாக் கடையிலும் சரக்கு தீர்வது உண்டு. வேறு ஊரில் 'இல்லை' என்று சொல்லியிருப்பார்கள். கேட்டவர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். யாராவது அதைக் குறித்தும் வைத்திருப்பார்கள். எங்கள் கடையில்தான் அந்த வார்த்தைக்கே இடமில்லையே.

முதலாளியின் அறைக்குப் போய் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கிராம்பை மெல்வதை நிறுத்தினார்.

"சரி. கம்பெனி டெப்போவுக்குப் போன் போடறேன். அனந்தபுரத்துக்கு வருதுன்னு சொல்லு."

"ஐயா, வருதுன்னு இனிமே சொல்லாதீங்கய்யா."

"வெள்ளிக்கிழமையும் அமாவாசையுமா இன்னா பேச்சு பேசற?"

டெப்போவுக்குப் போன் போட்டார். அவர்களிடமும் தீர்ந்துவிட்டிருந்தது, அடுத்த வாரம்தான் வரும் என்றார்கள். விழுப்புரத்தில் தெரிந்த ஒருவரைக் கேட்டார், அங்கேயும் கிடைக்கவில்லை. போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மீதி இருந்தது திண்டிவனத்தில் இருந்த மொத்த வியாபாரி ஒருவர்தான். ஒரு காலத்தில் இருவரும் கூட்டாளிகள். பிரிந்தபின் பேச்சு வார்த்தை கிடையாது. அவரிடம் போய், அதுவும் இந்த நாளில், அந்த வார்த்தையைச் சொல்வதென்றால் முதலாளிக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து முருகவேல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"வலிப்பு வந்துடுச்சு சார். எங்கம்மா போன் பண்ணாங்க. துணி தொவைக்கற கல்லாண்ட வுழுந்துட்டா. நெத்தியில அடி. ஆட்டோவுல ஏத்திக்கினு வராங்க."

"குழந்தை?" என்றேன்.

"பக்கத்து வீட்டுல குடுத்துட்டா மேடம். நீங்க சொன்னதுக்கப்பறம் தான்."

முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருதுன்னு சொன்னதாலதான் பாதியா ஒடச்சிப் போட்டுக்கினாளா?"

"ஆமா சார். நம்பிட்டா."

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, மேஜைமேல் வைத்தார். போனை எடுத்தார். திண்டிவனத்தில் எடுத்ததும், சுகம்கூட விசாரிக்காமல் பேசினார்.

"நான் தணிகாசலம். வலிப்பு மாத்திரை ஒண்ணு வேணும். எங்கிட்ட இல்ல." ஒரு நொடி நிறுத்தி, காது கேட்காதவருக்குச் சொல்வது மாதிரி மறுபடியும் சொன்னார். "இல்ல."

வெளியே ஆர்டர் மேஜையில் பெண்களின் பேச்சு அப்படியே நின்றுபோயிற்று.

திண்டிவனத்துக்காரரிடம் இருந்தது. நல்ல மனுஷர், ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. ஆள் வந்து போனால் நேரமாகும், செஞ்சி பஸ்ஸில் கண்டக்டரிடமே கொடுத்தனுப்புகிறேன் என்றார். முருகவேல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பெட்டியை வாங்க நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சற்று நேரத்தில் முதலாளியும் வந்து என் பக்கத்தில் நின்றார்.

அந்தக் காத்திருப்பை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. திண்டிவனம் ரோடு முழுக்க அமாவாசைக் கூட்டம். எங்கள் மென்பொருள் துளி பிசகாமல் கணித்துச் சொன்ன அதே கூட்டம் இப்போது எங்கள் பஸ்ஸை மறித்துக்கொண்டு நின்றது. வருகிற பஸ்ஸையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தேன். முருகவேல் போனில் சொன்னார், வலிப்பு ஊசி போட்டபின் நின்றிருக்கிறது, ஆனால் அந்த மாத்திரையை ஆரம்பித்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலாளி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. தெரிந்தவர்கள் வணக்கம் சொன்னதற்குக்கூடத் தலையாட்டவில்லை. ஒருமுறை மட்டும் என்னிடம் கேட்டார்.

"வந்துடுமா?"

"வருதுங்கய்யா" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். "தெரியலய்யா" என்றேன்.

பொழுது சாயும் நேரத்தில் அந்த பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடியே பெட்டியை நீட்டினார். நான் ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினேன். எனக்கிருந்த மூட்டு வலிக்கு எப்படி ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அமுதா கட்டிலில் கண் மூடிக் கிடந்தாள். புருவத்துக்கு மேலே தையல். உதடு கிழிந்திருந்தது. நான் யாரென்று முருகவேல் அவளிடம் சொன்னதும், கண்ணைத் திறந்து சிரிக்கப் பார்த்தாள்.

"வந்துடும்னு எனக்குத் தெரியும்க்கா" என்றாள்.

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். உள்ளே வரத் தைரியமில்லாமல் முதலாளி ஆஸ்பத்திரி வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தார்.

அவள் பிழைத்துக்கொண்டாள். இப்போதும் செஞ்சி சந்தையில் எப்போதாவது பார்ப்பேன். அந்தத் தழும்பு மட்டும் போகவில்லை.

அடுத்த திங்கட்கிழமை முதலாளியே ஆர்டர் மேஜைக்கு வந்தார். "கையில சரக்கு இல்லன்னா, இல்லன்னு சொல்லுங்க. எங்க கிடைக்கும்னு தெரிஞ்சா அதையும் சொல்லுங்க. சொன்னத கம்ப்யூட்டர்ல ஏத்துங்க" என்றார். சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். அதன்பின் விற்றதோடு, கேட்டும் கொடுக்க முடியாததையும் சேர்த்து மென்பொருளுக்குக் காட்டினோம். செத்துப்போனதாக அது எழுதி வைத்திருந்த பல மருந்துகள் எழுந்து உட்கார்ந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆள் இருந்திருப்பாரே, அவர் என்ன ஆனார் என்று நினைத்து நினைத்து நான் பல ராத்திரி தூங்கவில்லை. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? யாராவது போனில் 'இல்ல சார்' என்று சொல்லும்போதெல்லாம் முதலாளி ஒரு வினாடி கண்ணை மூடித் திறப்பார். நான் ஓய்வு பெறும் நாள் வரைக்கும் அது நிற்கவில்லை. ஆனால் ஒருமுறைகூட யாரையும் தடுக்கவில்லை.

இதனால்தான் சுகுமாரின் கேள்வி என்னைத் தூக்கிப்போட்டது. அந்தப் பழைய வருஷங்களில் எது நிஜமான பூஜ்யம், எது நாங்கள் 'வருது' என்று சொன்ன பூஜ்யம் என்று இன்றைக்கு யாராலும் பிரிக்க முடியாது. யாரும் குறித்து வைக்கவில்லையே. அதைக் கொண்டுபோய், தானே ஆர்டர் போடுகிற ஒன்றின் தலையில் கட்டினால், கேட்க ஆளில்லாமல் அது பாட்டுக்கு மருந்துகளைக் கொன்றுகொண்டே போகும். முருகவேல் மாதிரி ஒருவர் வந்து நிற்க வாசல்கூட இருக்காது.

இதுவரைக்கும் எழுதிவிட்டு நேற்று படுத்தேன். தூக்கம் வரவில்லை. கடைக்காரர்களுக்குப் பதிலும் அதுவே சொல்லும் என்று சுகுமார் சொன்னானே, என்ன சொல்லும்? இன்று காலை அவனைக் கூப்பிட்டேன்.

"கையில இல்லாத மருந்து ஒண்ண, கடைக்காரர் நம்பர்னு என் நம்பரக் குடுத்து ஆர்டர் போட்டுப் பாருப்பா."

"உங்களுக்கு இன்னும் டென்ஷன் போவலியாக்கா" என்று சிரித்துக்கொண்டே போட்டான். போனை வைப்பதற்குள் என் செல்லில் மணி அடித்தது. பச்சை எழுத்தில் ஒரு செய்தி, பக்கத்தில் சிரிக்கிற பொம்மை ஒன்று: 'உங்கள் ஆர்டர் வந்துகொண்டிருக்கிறது.'

முதலாளிக்கு இப்போது வயதாகிவிட்டது. ஆபீசுக்கு வருவதில்லை. வீட்டு நம்பருக்குப் போட்டேன். அவரே எடுத்தார்.

"ஐயா, பரிமளா பேசறேன். புது மெஷின் இல்லாத சரக்குக்கு வருதுன்னு சொல்லுதுங்கய்யா."

கிராம்பைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

"அதுக்கு யாரும்மா அப்டி சொல்லிக்குடுத்தது?"

"அதத்தாங்கய்யா சுகுமார்கிட்ட கேக்கணும்" என்றேன்.

"சுகுமார நிறுத்தி வெக்கச் சொல்லு" என்றார். "வண்டிய எடுக்கச் சொல்றேன். நீயும் வந்துடு. இல்லன்னு எப்டி சொல்றதுன்னு அதுக்கு நான் சொல்லிக்குடுக்கறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு, இந்தக் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தெருமுனையில் வீட்டைப் பூட்டினேனா என்று சந்தேகம் வந்தது. திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. கடைசி வரிகளை ஆபீஸ் வாசலில் நின்றுதான் எழுதுகிறேன். முதலாளியின் வண்டி இன்னும் வரவில்லை.